வைசர் மேல் போட்ட பழி

டமார்!

சங்கவிக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது...

மூலக்குளத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, எதிரே வரும் பஸ் போகட்டும் என்று நல்ல பிள்ளையாகத்தான் காத்திருந்தாள். அப்படி நிற்கிறவளைப் பின்னாலிருந்து ஒரு கார் வந்து முட்டித் தள்ளினால் என்ன நியாயம்? முழங்கை எரிந்தது. ஸ்கூட்டியின் கண்ணாடி உடைந்து சாக்கடை ஓரம் கிடந்தது. போன மாதம்தான் மாற்றியது!

திரும்பிப் பார்த்தாள். வில்லியனூர் சாலையின் அந்தக் கோடியிலிருந்து சாயங்கால வெயில் நேராக வந்து காரின் முன்கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கக் கதவு திறந்தது. திறந்த வேகத்தில் உள்ளேயிருந்து பத்துப் பதினைந்து காகிதங்கள் காற்றில் பறந்து வந்தன. அவள் மடியில், பயணக் காவலுக்காக வண்டியில் வைக்கிற புனித கிறிஸ்தோபர் படம் ஒன்று வந்து விழுந்தது.

"பர்தோன்... ஐயோ, மன்னிச்சிடுங்க! அடி பட்டுச்சா? எழுந்துக்க முடியுதா?"

ஓடி வந்து எதிரில் மண்டியிட்ட இளைஞனுக்கு முப்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. ஆனால் அந்தக் கண்கள்...

முத்தியால்பேட்டையில் ஒரு கண் கிளினிக்கில் வேலை பார்ப்பவள் சங்கவி. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடிக் கண்களை விளக்கடித்துப் பார்த்து, என்ன பவர் என்று எழுதித் தருவதுதான் அவள் பிழைப்பு. கண்களைக் கண்டு மயங்குகிற வயதையெல்லாம் வேலையிலேயே கடந்துவிட்டவள். அப்படிப்பட்டவள் தன் எரிகிற முழங்கையை மறந்துவிட்டு, நீர் கோத்து நின்ற அந்தப் பழுப்பு நிறக் கண்களை முழுசாக இரண்டு விநாடி பார்த்தாள். அடுத்த விநாடியே தன்மேல் கோபம் வந்தது. அதை அவன் மேல் திருப்பினாள்.

"உங்களுக்கு கண்ணு பொடனிலயா இருக்குது? இவ்ளோ பெரிய வண்டி நிக்கிறது தெரியல?"

"வெயில்... நேரா வெயில். அதை மறைக்க வைசரை இழுத்தா... அது கழண்டு அப்படியே முகத்துக்கு நேரா விழுந்துடுச்சு. ஒண்ணுமே தெரியல."

"வைசர்னா?"

"வெயில் மறைக்க மேல மடக்கி வச்சிருப்பாங்களே, அந்தப் பலகை. அதுல பப்பா, எங்க அப்பா, எல்லாத்தையும் சொருகி வச்சிருப்பாரு. பென்ஷன் பேப்பர், இன்ஷூரன்ஸ், கோயில் பத்திரிகை... பாரம் தாங்கல போல."

"வெயில் மறைக்கிறதுக்கு வச்சதா, பீரோவா?"

இவ்வளவு பயத்திலும் அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து, மரியாதைக்குப் பயந்து உள்ளே போய்விட்டது.

கூட்டம் கூடிவிட்டது. "வண்டிய யாருப்பா ஓட்டுனது?" என்று ஒருவர் அதட்டினார்.

"நான்தான்," என்றான் அவன். கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னான். "பப்பா உள்ள இருக்காரு, பயந்துட்டாரு. தப்பு என்னுதுதான். செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஆட்டோ பிடித்து அவளை ஏற்றினான். போன் நம்பரும் கிளினிக் பெயரும் கேட்டு வாங்கிக்கொண்டான். பெயர் ரொமேன் என்றான். ஆட்டோ திரும்பும்போதுதான் சங்கவி பார்த்தாள், அந்த கிறிஸ்தோபர் படம் இன்னும் அவள் கையிலேயே இருந்தது...

*

மூன்றாம் நாள் காலை கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரொமேன் வந்து நின்றான். கையில் ஸ்கூட்டிக்குப் புதுக் கண்ணாடி.

"கண்ணாடி மாட்டணும். வண்டி எங்க?"

"இது கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுற எடம். உங்களுக்குத்தான் மொதல்ல மாட்டணும்."

"எனக்கு நல்லாத் தெரியும்," என்று சிரித்தான். "வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

கூட்டமில்லாத நேரம். டாக்டர் அமுதவல்லி இன்னும் வரவில்லை. வெளியே லேசாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னான். பன்னிரண்டு வயது வரை இதே ஊர். அப்புறம் பிரான்ஸில் லியோன். அங்கே பார்சல் வேன் ஓட்டுகிறான். அம்மா இறந்தபிறகு அப்பா க்சாவியே மட்டும் இங்கே திரும்பி வந்து தனியாக இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். சொல்தா க்சாவியே என்றால் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரோடு இருக்க மூன்று மாத லீவில் வந்திருக்கிறான்.

"வேனே ஓட்டுறவருக்கு ஒரு வைசரை புடிக்கத் தெரியலியா?" என்று வம்புக்கு இழுத்தாள் சங்கவி.

"அட, கேளுங்க! எப்படி ஆச்சுன்னா..." பெஞ்சிலேயே கார் ஓட்டுகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். "வலது கை கியர்ல இருக்குது. மூணுலேர்ந்து ரெண்டுக்கு மாத்துறேன். வெயில் அடிக்குது. இடது கையைத் தூக்கி, இதோ, இப்படி வைசரை இழுக்கறேன்... தடால்னு..."

சங்கவியின் சிரிப்பு பாதியில் நின்றது.

வலது கையில் கியரா?

அவளும் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டிப் பழகியவள்தான். இந்த ஊர் காரில் ஸ்டியரிங் வலது பக்கம், கியர் இடது கையில். வலது கையால் கியர் மாற்றுவது லியோனில்! அப்படியென்றால் இவன் இந்த ஊரில் கார் ஓட்டியதே இல்லை... அன்றைக்கு ஓட்டியது இவன் இல்லை. இவன் இறங்கி வந்தது இடது பக்கக் கதவு வழியாக!

பச்சைப் பொய். அதைக் கூட்டத்துக்கு நடுவில் கண்ணில் தண்ணீரோடு சொன்னான். அப்பாவுக்குப் பதிலாகப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். கேட்டுவிடலாமா? 'யோவ், ஓட்டுனது உங்க அப்பாதானே' என்று...

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவள் மனசுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் அவன் தலைகுனிந்து போய்விடுவான். போனால் திரும்பி வர மாட்டான். அவ்வளவுதான் விஷயம்! பொய் சொன்னது அவன், அதை மூடிவைத்தது இவள்.

அதற்கப்புறம் அவன் வராத நாள் குறைவு. ஒருநாள் கண்ணாடியின் ஸ்க்ரூ சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தான். ஒருநாள் முழங்கைக் காயத்துக்கு மருந்தோடு வந்தான். காயம் ஆறி ஒரு வாரம் ஆகியிருந்தது! இன்னொரு நாள், வைசரைப் புதிதாக மாற்றியாகிவிட்டது என்று சொல்வதற்காகவே வந்தான்.

"பப்பா இப்ப நிம்மதியா வண்டி எடுக்கறாரு. அந்த வண்டிதான் அவருக்கு உசிரு."

"ஓ," என்றாள் சங்கவி. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா முத்தம்மாள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே மகளை ஒரு தினுசாகப் பார்த்தாள். "இன்னாடி, தானா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா..."

"அந்த ஒண்ணுமில்லாதவன் பேரு இன்னா?"

*

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, சொல்தா க்சாவியே வந்தார். தலையில் தொப்பி, இஸ்திரி கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. அறுபத்தெட்டு வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கூடவே ரொமேன். லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். கண் பார்வை சரி என்று இவள் எழுதித் தந்தால் டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

"சீக்கிரம் ஆகட்டும், பொண்ணு. இவனுக்கு அடுத்த மாசம் ஃப்ளைட்டு. அதுக்குள்ள எல்லா வேலையும் முடிக்கணும்," என்றார்.

சங்கவி அவரைச் சார்ட்டுக்கு எதிரே உட்காரவைத்து, இடது கண்ணை மூடச் சொன்னாள். அவர் ஓர் எழுத்துகூடத் தடுமாறவில்லை. பிரெஞ்சு உச்சரிப்பில் மேலிருந்து கீழ்வரை மடமடவென்று சொல்லி முடித்தார். கடைசி வரி, எறும்பு மாதிரி இருக்கும் எழுத்துகள், அதுவும் சரி! மற்ற கண்ணும் அப்படியே.

ரொமேன் பெருமையாக அவளைப் பார்த்தான். அவளுக்கும் சிரிக்கத்தான் ஆசை... ஆனால் உள்மனசு ஏதோ சொன்னது. அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு சுத்தமாக ஒருத்தரும் படித்ததில்லை. அதுவும் மூச்சு விடாமல்! இரண்டு நாள் முன்னால் டோக்கன் வாங்க வந்தபோது இவர் சார்ட்டுக்கு முகத்தைக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு நின்றாரே...

சத்தம் போடாமல் விளக்குப் பெட்டியில் சார்ட்டை மாற்றினாள். இப்போது அங்கே எழுத்தே கிடையாது. எல்லாம் எண்கள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

க்சாவியே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதே எழுத்துகள். அதே வரிசை. அதே வேகம். கடைசி வரிவரை ஓர் எழுத்து மாறவில்லை!

சங்கவியின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. ரொமேன் சார்ட்டைப் பார்த்தான்... அப்பாவைப் பார்த்தான்... மறுபடி சார்ட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"பப்பா... அங்க எழுத்தே இல்ல."

சங்கவி விளக்கை எடுத்து அவர் கண்ணைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருந்தது. எதிர்வெயிலில் இந்தக் கண்ணுக்கு ஒரே வெள்ளையாகத்தான் இருந்திருக்கும், வைசர் இருந்தாலும், இல்லாவிட்டாலும்!

"நான் எழுதித் தர முடியாது சார். ஆபரேஷன் பண்ணா நல்லாத் தெரியும். அதுவரைக்கும் நீங்க வண்டி எடுக்கக் கூடாது."

"எனக்குக் கண்ணு தெரியலன்னு நீ சொல்றியா?" அவர் எழுந்துவிட்டார். "பட்டாளத்துல குறி பாத்துச் சுட்டவன் நான். மீன் விக்கிறவ வீட்டுலேர்ந்து வந்துட்டு எனக்குச் சொல்ல வந்துட்டா!"

"பப்பா!"

அவர் நிற்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனார். மீன் விக்கிறவ வீடு... அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும். அதற்கு அழ இப்போது நேரமில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். பத்து மணித் தெரு... சைக்கிள், காய்கறி வண்டி, பால்வாடிக்குப் போகிற பொடிசுகள். இஞ்சின் உறுமியது.

சங்கவி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. வெள்ளைக் கோட்டோடு ஓடிப்போய் காருக்கு நேர் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு!

கார் நகர்ந்தது.

அவள் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். கிழக்கு வெயில் அந்த முகத்தில் விழுந்தது. புது வைசர் அவர் நெற்றிக்கு மேலே ஒழுங்காக இறங்கித்தான் இருந்தது. அவர் கண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் பார்க்கவில்லை... ஐயோ, அவருக்கு நான் தெரியவே இல்லை!

நகர முடியவில்லை.

"பப்பா! நிறுத்துங்க! சங்கவி! முன்னால சங்கவி நிக்கிறாங்க!"

ரொமேன் கார் மேல் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பிரேக் கிறீச்சிட்டது. பம்பர் அவள் முழங்காலைத் தொட்டு நின்றது.

க்சாவியே கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். "யாரு? யாரு நின்னது? இங்க யாருமே இல்லியே..."

"நான்தான் சார்," என்றாள் சங்கவி.

அந்த நிமிர்ந்த முதுகு அப்போதுதான் வளைந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். "எனக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா இவன் லியோனுக்குத் திரும்ப மாட்டான். வேலைய விட்டுட்டு இங்கியே உக்காந்துடுவான். அவன் ஃப்ளைட்டுல ஏறி ஒக்காரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்..."

ரொமேன் கதவைத் திறந்து சாவியை எடுத்தான். அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். சங்கவியின் பக்கம் அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்தான். அந்தப் பழுப்புக் கண்களில் இருந்தது கோபமா, வெட்கமா... அவளுக்குப் புரியவில்லை. கண்ணைப் படித்தே சோறு தின்கிறவளுக்குப் புரியவில்லை!

அப்புறம் அவன் வரவே இல்லை.

*

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. போன் அடித்தால் பாய்ந்து எடுத்தாள். கண்ணாடிக் கடைக்காரர், லென்ஸ் கம்பெனிக்காரர், அம்மா. கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு தரம் எகிறிக் குதித்து, ஏமாந்து, உள்ளே போனது.

அதைவிட மோசம், ராத்தூக்கம் கெட்டது. அன்றைக்குத் தெருவில் நான் நின்றேன். அந்த இடத்தில் ஒரு பால்வாடிக் குழந்தை நின்றிருந்தால்? ஓட்டியது அவர்தான் என்று எனக்கு மூன்றாம் நாளே தெரியுமே! கேட்டிருந்தால் அன்றைக்கே கண்ணைப் பார்த்திருக்கலாம். மூன்று வாரம்... மூன்று வாரம் அந்த மனுஷர் கண் தெரியாமல் ஊரெல்லாம் வண்டி ஓட்டினார். நான் இங்கே உட்கார்ந்து ஒருத்தனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை, கதவைத் திறந்துகொண்டு க்சாவியே வந்தார். கறுப்புக் கண்ணாடி. தனியாக வந்தார்போல் இருந்தது. வாசலில் ஆட்டோவின் இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சுது, பொண்ணு. பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு கண்ணும் பண்ணிட்டாங்க. கண்ணாடிக்குப் பவர் பாக்கணும்னாங்க. நான் உங்கிட்டதான் பாப்பேன்னு வந்துட்டேன்."

சங்கவி நாற்காலியைக் காட்டினாள். சார்ட் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில் இருந்தது. அவரை உட்காரவைத்து, அவள் பக்கத்தில் நின்றாள்.

அவர் மெதுவாகப் படித்தார். தெரிந்ததைச் சொன்னார். தெரியாத இடத்தில், "இது தெரியல," என்றார். எண்கள்தான் என்று இந்தத் தடவை அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக் குறித்துக்கொண்டாள்.

முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, பின்னாலிருந்த மேஜைக்குப் போன அவளைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது கதவு அவருக்கு நேர் எதிரே, அவள் முதுகுக்குப் பின்னால்.

"உங்க அம்மா தொழிலைச் சொல்லிப் பேசிட்டேன். அது தப்பு. மன்னிச்சுக்க," என்றார். "இன்னொண்ணு கேக்கணும். மூலக்குளத்துல உன்னை இடிச்சது நான். என் புள்ள பொய் சொன்னான். அது உனக்குத் தெரியுமா?"

இப்படி முகத்துக்கு நேராகக் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு சொல், அவ்வளவுதான். யாருக்கும் தெரியப்போவதில்லை...

"தெரியும் சார். மூணாம் நாளே தெரியும். வலது கையில கியர் மாத்துனேன்னு சொன்னாரு. இந்த ஊரு வண்டி ஓட்டுனவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க."

அவர் திகைத்துப் போனார். "அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா..." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டா அவர் வர மாட்டாரேன்னு பயந்து கேக்கல. தினம் வரணும்னு ஆசையா இருந்துச்சு. அதுக்காக வாய மூடிட்டேன். நீங்க அந்த மூணு வாரத்துல யாரையாவது ஏத்தியிருந்தா அந்தப் பாவம் என்னுதுதான் சார். உங்களுது இல்ல. என்னோட வேலையே கண்ணு பாக்கறது, அதை நான் செய்யல. எனக்கு அவரைப் புடிச்சிருந்தது. இப்பவும் புடிச்சிருக்குது. அவருகிட்ட சொல்லிடாதீங்க. ஊருக்குப் போறவரு, நிம்மதியாப் போகட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. வேலை நினைவு வந்து, பேனாவை எடுத்தாள்.

"தூரப் பார்வை எழுதணும் சார். இங்கேர்ந்து கதவு வரைக்கும் பாருங்க. எதாவது மங்கலாத் தெரியுதா?"

க்சாவியே அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மங்கல் ஒண்ணும் இல்ல, பொண்ணு. சுத்தமாத் தெரியுது," என்றார். "கதவுகிட்ட என் புள்ள நிக்கிறான். ஆட்டோவுக்குக் காசு குடுத்துட்டு அப்பவே வந்துட்டான். நீ பேசுனதெல்லாம் கேட்டுட்டு அழுதுகிட்டு நிக்கிறான்."

சங்கவி பேனாவை மேஜைமேல் வைத்தாள். திரும்ப முடியவில்லை. ஐயையோ... எல்லாம் கேட்டானா? எதிலிருந்து?

"கியர்லேர்ந்து," என்றான் ரொமேன், அவள் கேட்காமலேயே.

அவள் திரும்பினாள். இளைத்துப்போயிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வர்றதுன்னு தெரியல. நான் சொன்ன பொய்யால உங்க உசிரே போயிருக்கும். அதான் வரல," என்றான். "அன்னிக்கு ரோட்டுல பொய் சொன்னது பப்பாவுக்காக. மூணாம் நாள் கண்ணாடி எடுத்துட்டு வந்தேனே, அதுகூட பப்பாவுக்காகத்தான், நீங்க போலீசுக்குப் போயிடக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் வந்தது எல்லாம்..."

நிறுத்திவிட்டான்.

"எல்லாம்?" என்றாள் சங்கவி.

"எனக்காக. உங்களைப் பாக்கறதுக்காக. பப்பாவுக்கு இப்ப நல்லாத் தெரியுது, நான் ஃப்ளைட்டு ஏறலாம். எனக்கு ஏற முடியல, சங்கவி."

க்சாவியே சத்தமில்லாமல் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல் நடந்து வெளியே போனார்.

"அப்ப ஏறாதீங்க," என்றாள் சங்கவி.